உம்ப்ரஜ் லைன் டெட்

மில்ட்ரெட் வேதமணியைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடு என்று சபையில் கேட்டார்கள். பதினைந்து வருஷமாக ஓய்வுநாள் பள்ளி நடத்துகிறாளாம், மலரில் போட வேண்டுமாம். 'அன்பும் அடக்கமும் உள்ளவர்' என்று ஆரம்பித்து ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அது அவர்களுக்கு. இது எனக்கு. நான் பிலிஸ். மில்ட்ரெட்டுக்குப் பக்கத்து நாற்காலியில் வேலை பார்த்தவள். அவளைப் பார்த்து வயிறெரிந்த கதையை என்னைவிட நன்றாக யாரும் எழுத முடியாது.

1968-ல் ஒரே நாளில் இரண்டு பேரும் பூனா டிரங்க் எக்ஸ்சேஞ்சில் சேர்ந்தோம். இரண்டு குடும்பமும் நெல்லைப் பக்கம். இரண்டு அப்பாக்களும் பட்டாளத்துக் கணக்கு ஆபீஸுக்கென்று வந்து கேம்ப்பில் தங்கிவிட்டவர்கள். பூனாவில் ஒருவர் கோலாப்பூரில் இருப்பவரோடு பேச வேண்டுமென்றால் எங்களிடம் பதிவு செய்வார். நாங்கள் சீட்டில் குறித்துக்கொண்டு, அந்த ஊர் ஆபரேட்டரைக் கூப்பிட்டு, கயிற்றை முன்னால் இருக்கும் போர்டின் துளையில் சொருகி இணைத்துவிடுவோம். பெரிய கூடம், நாற்பது பெண்கள், நாற்பது வாய். பக்கத்தில் இருப்பவள் என்ன பேசுகிறாள் என்பது கூடக் காதில் விழாது.

எங்கள் வேலையில் ஆளுக்குப் பெயர் கிடையாது. போர்டில் உட்கார்ந்துவிட்டால் ஊர்தான் பெயர். நான் பூனா, மில்ட்ரெட்டும் பூனா. அந்தப் பக்கம் இருப்பவர் சாத்தாரா, கராட், நிபாணி. 'சாத்தாராவுக்குக் காய்ச்சல், இரண்டு நாள் லீவு', 'கராடுக்கு இரட்டைக் குழந்தை' என்று சர்வ சாதாரணமாகச் சொல்வோம். யாரும் யாரையும் பார்த்ததில்லை. பெயர் கேட்பதும் வழக்கமில்லை.

மற்றவர்களுக்கு ஊர்ப் பெயர் என்பது சொருக வேண்டிய துளை. மில்ட்ரெட்டுக்கு அப்படி இல்லை. பழைய சீட்டுகளின் பின்புறத்தில் ஊர்ப் பெயர்களாக எழுதி வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொள்வாள்.

"ஏட்டி பிலிஸு, புயிஞ்ச்னு ஒரு ஊருக்கு எவன் பேரு வச்சிருப்பான்? சொல்லிப் பாரு, தும்மல் வாரது மாதிரி இருக்கு."

"ஒனக்கு வேற வேலை இல்லியா?"

"நிபாணில பாணின்னு வருது பாரு. தண்ணி உள்ள ஊரா, தண்ணி இல்லாத ஊரா?"

தண்ணீர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் எனக்கென்ன. ஆனால் அவள் கேட்டால் மட்டும் எல்லோரும் கவனமாகப் பதில் சொல்வார்கள். எங்கள் சூப்பர்வைசர் ருக்மிணி மேடம் யாரிடமும் சிரிக்காதவள், அவளே மில்ட்ரெட்டிடம் நின்று பேசுவாள். மில்ட்ரெட்டின் கை வேகம், அவள் மராட்டி, இடுப்புக்குக் கீழே இறங்கிய அவள் முடி, கசார்வாடிப் பட்டறையில் வேலை பார்த்த அவள் தம்பி நார்மன் ஒவ்வொரு பாகமாகப் பார்த்துப் பார்த்துப் பூட்டிக் கொடுத்த அவள் சைக்கிள். எதைச் சொல்ல, எதை விட. என்னைப் பெற்ற அம்மாவே "மில்ட்ரெட்ட பாத்துப் படி" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எனக்கென்று இருந்தது உம்ப்ரஜ் ஒன்றுதான்.

சாத்தாராவுக்கும் கராடுக்கும் நடுவில் ரோட்டோரத்தில் இருக்கும் ஊர். போஸ்டாபீஸுக்குள்ளேயே சின்ன எக்ஸ்சேஞ்ச், பகலில் ஒரே ஆபரேட்டர். சாத்தாரா ரோட்டு லைன்கள் இருந்த போர்டில் ஒரு வாரம் நான், ஒரு வாரம் மில்ட்ரெட். என் வாரத்தில், மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் லைன் சும்மா இருக்கும்போது உம்ப்ரஜ் கூப்பிடுவார். "என்ன பூனா, சாப்பாடு ஆச்சா?" என்று மராட்டியில் கேட்பார். ஆற்றில் தண்ணீர் எதுவரை வந்தது, அவர் அம்மாவின் முழங்கால் வலி, நிலக்கடலை பிடுங்கியாயிற்றா என்று பேச்சு போகும். எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. பெண் பார்த்துவிட்டுப் போன மூன்று வீட்டிலிருந்தும் பதில் வரவில்லை. என்னிடம் தினமும் சாப்பிட்டாயா என்று கேட்ட ஒரே ஆண் உம்ப்ரஜ். அந்தக் குரலுக்கு நான் வேண்டும் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். மில்ட்ரெட்டின் வாரங்களில் அவர் வாயை மூடிக்கொண்டு சும்மா இருப்பார் என்று நினைத்துக்கொண்டேனோ என்னவோ.

1974 தீபாவளி கழிந்ததும் மில்ட்ரெட் குண்டைப் போட்டாள். அவளும் நார்மனும் சைக்கிளிலேயே பெங்களூர் போகிறார்களாம்.

"ஆறு வருசமா கத்துதோமே, அந்த ஊரையெல்லாம் ஒருக்கா கண்ணால பாத்துரணும்னு இருக்கு. ஏன் அந்தப் பேருன்னு கேட்டும் வந்துருவேன்."

"உம்ப்ரஜ்ல நிப்பியா?"

"வழியில இருக்கு, நிக்காம? ஒவ்வொரு ஊர்லயும் போஸ்டாபீஸுக்குப் போயி லைன் போட்டு ஒன்னைய கூப்பிடுதேன். நான் சொல்லச் சொல்ல நீ நோட்டுல எழுதிரு பிலிஸு. நான் எழுதுனா வேர்வையும் கிரீஸும் பட்டு நோட்டு நாசமாயிரும்."

ஒரு நீலநிற நோட்டைக் கொடுத்தாள். அவள் லீவில் இருக்கும் இரண்டு வாரமும் சாத்தாரா ரோட்டு போர்டு எனக்கு. அவள் ஊர் ஊராகப் போய் எல்லோரையும் பார்ப்பாள், நான் உட்கார்ந்து எழுத வேண்டும். வாங்கி வைத்துக்கொண்டேன். முகத்தில் சிரிப்பு, உள்ளே அடுப்பு.

முதல் நாள் மத்தியானம் ஷிர்வலிலிருந்து கூப்பிட்டாள். மூச்சு வாங்கியது.

"கபூர்ஹோள்ல கற்பூரம் ஒண்ணையும் காணும், எழுதிக்கோ. டீக்கடைக்காரரு, முன்னாடி இங்க ஒரு பள்ளத்துல கற்பூர வாசனை வருமாம்னு சொல்லுதாரு. பக்கத்துல இருந்தவரு, இவன் போன வருசந்தான் இந்த ஊருக்கே வந்தான், நம்பாதீங்கன்னு சிரிக்காரு. ரெண்டையும் எழுதிரு."

மறுநாள் காலை எட்டு மணிக்குச் சாத்தாரா.

"புயிஞ்ச்ல ஒரு பெரியவரு ஒரு மணி நேரம் கதை சொன்னாரு. ராசா வந்தாரு, குதிரை வந்துச்சு, எல்லாம் வந்துச்சு. ஊர்ப் பேரு வாரதுக்கு முன்னாடி பஸ் வந்துட்டு. ஏறிப் போயிட்டாரு."

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்போதுதான் அவள் சொன்னாள். "அடுத்து உம்ப்ரஜ். பதினோரு மணிக்கெல்லாம் போயிருவேன். அங்க போகணும்னு ரொம்ப நாளா ஆசை."

அந்த முடியோடும் அந்தச் சிரிப்போடும் இவள் போய் அந்த போஸ்டாபீஸ் வாசலில் இறங்கினால், பிறகு யார் என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்பார்? என் வாய் யோசிக்கவே இல்லை.

"உம்ப்ரஜ் லைன் டெட்டு. காலைல இருந்தே டெட். நீ அங்க நின்னும் என்னைய கூப்பிட முடியாது. நேரா கராடுக்குப் போயிரு."

"டெட்டா? அப்போ ஆளும் லைன் பாக்கப் போயிருப்பாரு. சரி, நிக்கல."

மறு கேள்வி கேட்கவில்லை. கேட்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். லீவுக்குப் பொய் சொல்வோம், தாமதமாக வந்ததற்குப் பொய் சொல்வோம். ஒரு ஆபரேட்டர் இன்னொரு ஆபரேட்டரிடம் லைனைப் பற்றி மட்டும் பொய் சொல்வது கிடையாது. உயிரோடிருக்கும் லைனை டெட் என்று சொன்னவளை அந்தக் கூடத்தில் யாரும் மன்னிக்க மாட்டார்கள். அதைத்தான் நான் செய்தேன்.

பன்னிரண்டரை மணிக்கு உம்ப்ரஜ் விளக்கு எரிந்தது.

"பூனா? நீங்க போர்டுலயா இருக்கீங்க?" குரலில் ஏதோ கலவரம்.

"இங்கதான். ஏன்?"

"இன்னிக்கு சைக்கிள்ல வர்றதா போன வாரம் சொன்னீங்களே. பத்து மணியிலேர்ந்து போஸ்ட்மேனை போர்டுல உட்கார வச்சிட்டு ரோட்டுல நின்னேன். ரெண்டு சைக்கிள் வந்தது, ஒண்ணுல ஒரு பொண்ணு. கையைக் காட்டினேன். அவங்களும் கையைக் காட்டிட்டு நிக்காம போயிட்டாங்க. அப்போ அது நீங்க இல்லையா?"

போன வாரம் அந்த போர்டில் இருந்தவள் மில்ட்ரெட். எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அவருக்கு நாங்கள் இரண்டு பேர் என்பதே தெரியாது. இரண்டு பேர் மராட்டியும் ஒரே கேம்ப் தெருவில் கற்ற மராட்டி. அவருக்கு ஒரே ஒரு பூனாதான்.

"அது வேற யாரோ," என்றேன். "என்னால வர முடியல."

"அதானே," என்று அவர் சிரித்தார். "நீங்களா இருந்தா நிக்காம போவீங்களா?" அந்தச் சிரிப்பு எனக்கு எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். பிறகு அவர் பேச ஆரம்பித்தார்.

"சரி, நேர்ல சொல்லலாம்னு வச்சிருந்தேன், இப்பவே சொல்லிடறேன். எங்க ஊருக்கு ஏன் இந்தப் பேருன்னு மூணு வருஷம் முன்னாடி கேட்டீங்களே, ஞாபகம் இருக்கா? என்னை யாரும் அப்படி ஒண்ணு கேட்டதில்லை. ஊர்ல இருக்கிற பெரியவங்க எல்லார்கிட்டயும் விசாரிச்சேன். ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. உம்பர்ங்கிற அத்திமரத்தால வந்த பேருன்னு ஒருத்தர் சொன்னார். மெய்யோ பொய்யோ, எனக்கு அது பிடிச்சுது. ஆனா நீங்க வந்தா காட்ட எங்க போஸ்டாபீஸ் பக்கத்துல ஒரு அத்தி கூட இல்லை. அதனால பின்பக்கம் நானே ஒண்ணு நட்டேன். இப்போ என் தோள் உயரம் வந்திருக்கு."

நான் கேட்டதே இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் இல்லை, எப்போதுமே இல்லை. நான் கேட்டதெல்லாம் மழையும் கடலையும். இத்தனை வருஷத்தில் அவர் இவ்வளவு சந்தோஷமாக என்னிடம் பேசியதில்லை, அன்றும் என்னிடம் பேசவில்லை. மில்ட்ரெட்டாக இருந்து கேட்டுக்கொண்டேன். "ரொம்ப சந்தோஷம், அடுத்த தடவை கண்டிப்பா வந்து பாக்கறேன்," என்றும் மில்ட்ரெட்டாகவே சொன்னேன்.

நோட்டில் எழுதவில்லை.

ஒன்பதாம் நாள் பெங்களூர் போய்ச் சேர்ந்தார்கள். நிபாணியில் கேட்ட இடத்தில் எல்லாம் தண்ணீர் கொடுத்தார்களாம், பெயருக்கு மட்டும் காரணம் கொடுக்கவில்லையாம். நோட்டில் பத்தொன்பது ஊர் சேர்ந்தது. புயிஞ்சுக்கும் கராடுக்கும் நடுவில் 'உம்ப்ரஜ்' என்று அவளே முன்கூட்டி எழுதியிருந்த பெயர், எதிரே வெறும் கோடு. ரயிலில் திரும்பி வந்த மில்ட்ரெட் அதைப் பார்த்தாள், நோட்டை மூடிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அந்த வாரமே அவளை எங்களைக் கண்காணிக்கும் மானிட்டர் ஆக்கி மேசை போட்டு உட்கார வைத்தார்கள். அதற்கும் எரிந்தது. ஆனால் இனி அவள் போர்டில் உட்கார மாட்டாள், உம்ப்ரஜ் முழுக்க எனக்கு என்று ஆறுதல் சொல்லிக்கொண்டேன்.

நன்றாகத்தான் கிடைத்தார். "இப்பல்லாம் எந்த ஊர்ப் பேரு உங்களைப் படுத்துது?" என்று கேட்பார். எனக்கு என்ன தெரியும்? சாயங்காலம் மில்ட்ரெட்டோடு சைக்கிளில் வீடு திரும்பும்போது, "புதுசா ஏதாவது பேரு கெடச்சுதாட்டி?" என்று அவளிடம் விசாரித்து, மறுநாள் அதை அவரிடம் ஒப்பிப்பேன். யாரைப் பார்த்து எரிந்தேனோ அவளிடமே தினம் கடன் வாங்கினேன். அது கொஞ்ச நாள் ஓடியது. "முன்ன மாதிரி நீங்க கேக்கறதில்லை பூனா," என்று ஒருநாள் சொன்னார். பிறகு சாப்பாடு ஆச்சா என்பதோடு நின்றுபோயிற்று. 1977-ல் மாற்றல் வந்து எங்கேயோ போய்விட்டார். ஒரு திங்கட்கிழமை வேறொரு குரல் "உம்ப்ரஜ்" என்றது. அவர் பெயரும் எனக்குத் தெரியாது. ஊர்ப் பெயர் பூனாவிலிருந்து புனே ஆனபோது என் பெயரும் மாறிவிட்டதைச் சொல்லிச் சிரிக்க அவர் இல்லை.

1985-ல் அந்த லைன்களுக்கு எல்லாம் நேரே டயல் செய்யும் வசதி வந்து, எங்கள் வரிசை போர்டுகளைக் கழற்றினார்கள். அன்று மத்தியானம் நானும் மில்ட்ரெட்டும் கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். அவள் கைப்பையிலிருந்து அந்த நீலநிற நோட்டை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தாள்.

"அன்னைக்கு லைன் டெட் இல்ல, என்ன?"

"எப்படித் தெரியும்?"

"கராட்ல கேட்டேன். இப்பத்தான உம்ப்ரஜ்கூட பேசினேன்னாரு அந்த ஆளு."

"அன்னைக்கே தெரியுமா? பின்ன ஏன்ட்டி கேக்கல?"

"நீ லைன்ல பொய் சொல்லுதவ இல்ல. ஏதோ இருக்கும், நீயா சொல்லுவன்னு பாத்தேன். பதினோரு வருசம் ஆயிட்டு."

பொறுத்துக்கொள்வதிலும் அவளே முந்திவிட்டாள். பேனாவை வாங்கி அந்தக் கோட்டில் எழுதினேன். 'அத்திமரம் என்கிறார்கள். போஸ்டாபீஸுக்குப் பின்னால் ஒன்று இருக்கிறது.'

அவள் படித்தாள்.

"நீ கேட்டேன்னு அவரே நட்டது," என்றேன். "உனக்குக் காட்டணும்னு. நீ வருவன்னு பத்து மணியில இருந்து ரோட்டுல நின்னுருக்காரு."

மில்ட்ரெட் டம்ளரைக் கீழே வைத்தாள். "ரோட்டுல ஒருத்தரு கையைக் காட்டுனாரு. யாரோ எவரோன்னு நானும் காட்டிட்டு மிதிச்சுட்டேன். அவரா அது?"

"அவருதான்."

அந்த இடத்தில் நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அதற்காகத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"ஆளு எப்படிட்டி இருந்தாரு?"

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்திருந்தது.

"தெரியலையே பிலிஸு. நீ டெட்டுன்னு சொல்லிட்டியே, நான் எங்க பாத்தேன். கையை மட்டுந்தான் பாத்தேன்."

நான் அந்தக் கையைக்கூடப் பார்த்ததில்லை. அப்போதும் எனக்கு எரிந்தது.