அக்காவின் வெள்ளை வயோலா

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் அக்காவுக்கு அவள் வீட்டுக்காரர் ஒரே ஒரு உதவிதான் செய்தார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

அக்காவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. முன்னால் நின்று சிரித்துப் பேசி விற்கிற வேலை இல்லை. பின்னறையில் லென்ஸைத் தேய்த்து, விளிம்பைச் சரிசெய்து, ஃபிரேமில் பொருத்துகிற வேலை. நாள் முழுக்கக் குனிந்தே இருந்து கழுத்து போய்விட்டது. வீட்டுக்கு வந்தால் அத்தான் இருப்பார். அவர் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். வீட்டில் விசில் ஊதாதது ஒன்றுதான் பாக்கி. செருப்பு நேராக இருக்க வேண்டும், டம்ளர்கள் வரிசையாக இருக்க வேண்டும், அக்கா அளவாகப் பேச வேண்டும். குழந்தை இல்லாததற்கும் அக்காதான் காரணம் என்று அவர் வீட்டு ஆட்கள் தாங்களாகவே முடிவு கட்டிக்கொண்டார்கள். டாக்டரிடம் போகலாம் என்றால் மட்டும் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

அக்காவுக்கென்று இருந்தது மொட்டை மாடி. வெயில், தூசி என்று அவர் அங்கே ஏறுவதில்லை. அங்கேதான் தொட்டிகளில் வயோலா என்கிற பூச்செடி வளர்த்தாள். கொம்பு வயோலா என்று ஒரு வகை. பூ கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு, பின்பக்கம் மெல்லிய கொம்பு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். குளிர் மாதங்களில் பூத்துக் குலுங்கும். எங்கள் ஊர் வெயிலில் செடி நிற்காது, அதனால் விதை எடுத்து வைத்தவர்களுக்குத்தான் அடுத்த வருஷம் பூ.

ஒரு வருஷம் மஞ்சள் பூக்களுக்கு நடுவே ஒரே ஒரு செடி வெள்ளையாகப் பூத்தது. மேல் இதழ் இரண்டு மட்டும் கருநீலம். கிட்டே குனிந்தால் லேசான வாசனை வேறு. அக்கா அந்தச் செடியின் விதையை மட்டும் எடுத்து விதைத்தாள். முளைத்ததில் பாதி மஞ்சளாகவே வந்தது. தேனீ போய்க் கலந்துவிடக் கூடாது என்று அவற்றைப் பூ விரிந்த அன்றே பிடுங்கிப் போட்டாள். இப்படியே ஏழெட்டு வருஷம் பிடுங்கிப் பிடுங்கி, கடைசியில் மாடி முழுக்க அந்த வெள்ளை மட்டும் பூக்கும்படி கொண்டுவந்துவிட்டாள்.

விதைக்கிற சமயத்தில் அவளைப் பிடிக்க முடியாது. தேங்காய் நார்த்தூளும் மக்கிய உரமும் சலித்துத் தட்டில் பரப்பி, விதையைத் தூவி, மேலே மெல்லிசாக மண் தூவி, கறுப்புத் துணியால் மூடி மாடிப்படிக்கு அடியில் வைப்பாள். ஒரு நாள் நான் துணியைத் தூக்கிப் பார்க்கப் போனேன்.

"தொடாத. வெளிச்சம் பட்டா முளைக்காது."

"மண்ணுக்கெல்லாம் காவலா அக்கா?"

"நீ தூங்கறப்ப யாராவது லைட்டைப் போட்டா சும்மா இருப்பியா? அது மாதிரிதான். முளை வரட்டும், அப்புறம் அதுவே வெளிச்சம் கேட்கும்."

முளைத்து நான்கு இலை விட்டதும் லென்ஸ் எடுக்கிற இடுக்கியால் ஒவ்வொன்றாகத் தூக்கித் தொட்டிக்கு மாற்றுவாள். அதைப் பார்க்கவே எனக்குப் பொறுமை இருக்காது.

நாற்றுப்பண்ணைக்காரர் ஒருவர் கண்ணாடி மாற்றக் கடைக்கு வந்தவர், பேச்சுவாக்கில் இதைக் கேள்விப்பட்டு மாடிக்கே வந்து பார்த்தார். "எல்லாம் ஒண்ணு போல இருக்கும்மா. இந்த வருஷ விதையைக் குடுங்க. என் பண்ணையிலயும் இப்படியே வந்தா உங்க பேர்லயே விக்கலாம்" என்றார். அக்கா அதை என்னிடம் சொல்லிவிட்டு, "என் பேர்ல இந்த வீட்டுக்குக் கரண்டு பில்லுகூட வந்ததில்லடி" என்றாள்.

அதற்கு முந்தின வருஷம் பருவம் தப்பிப் பெய்த மழையில் காயெல்லாம் அழுகி, தேறின கொஞ்சம் விதையையும் மிச்சம் வைக்காமல் விதைத்திருந்தாள். ஆக, செடியில் இருந்த காய்தான் எல்லாம். வயோலாக் காய் முதலில் தலை தொங்கி இருக்கும். முற்றியதும் நிமிர்ந்து, மூன்றாகப் பிளந்து விதையை நாலா பக்கமும் எறிந்துவிடும். அதனால் லென்ஸ் துடைக்கிற துணியில் குட்டிக் குட்டிப் பைகள் தைத்துக் காய்களுக்குக் கட்டியிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து அத்தான் ரிட்டயர் ஆனார். ஐயாவுக்குப் பொழுது போகவில்லை. செல்போனில் தோட்ட வீடியோ பார்க்க ஆரம்பித்தார். வாடின பூவைக் கிள்ளிவிட்டால் செடி இன்னும் பூக்கும் என்று எவனோ சொல்லியிருக்கிறான். அவன் சொன்னது பொய்யில்லை, அதுதான் என் ஆத்திரம்.

ஒரு சாயங்காலம் நான் அக்காவின் கடைக்குப் போய் அவளோடு சேர்ந்து வீட்டுக்கு வந்தேன். அத்தான் படியிலேயே நின்றிருந்தார். "மேல வந்து பாருங்க" என்றார். போனோம். தொட்டிகள் உயரவாரியாக அணிவகுத்து நின்றன. ஒரு காய் இல்லை, ஒரு பை இல்லை.

"கிழிசல் துணியெல்லாம் கட்டி வச்சிருந்த, பார்க்கவே சகிக்கல. எல்லாத்தையும் வெட்டிச் சுத்தம் பண்ணிட்டேன். இனிமே இதை நானே பாத்துக்கறேன். நீயும் பாவம், வேலைக்குப் போய் அலுத்துட்டு வர்ற."

அவள் அலுத்து வருகிறாள் என்பது அன்றைக்குத்தான் அவர் கண்ணில் பட்டிருக்கிறது.

அக்கா மெதுவாகக் கேட்டாள். "வெட்டினதெல்லாம் எங்கங்க?"

"குப்பை வண்டி வந்துச்சு, போட்டுட்டேன்."

அவள் ஒரு தொட்டியில் வெட்டுப்பட்ட காம்பைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "நல்லா இருக்குங்க" என்றாள்.

என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. "என்ன அத்தான் பண்ணி வச்சிருக்கீங்க? அத்தனையும் விதைக்காய். அவ இத்தனை வருஷம் பாடுபட்டது."

அவர் முகம் சுருங்கியது. "விதைதானே? கடையில கிடைக்காதா? அவளே நல்லா இருக்குங்கறா, உனக்கென்ன?"

அக்கா என் கையைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டு வந்தாள். சமையலறையில் வைத்து அவளைப் பிடிபிடியென்று பிடித்தேன். "வாயில என்ன கொழுக்கட்டையா? திட்ட வேண்டியதுதானே?"

"இன்னிக்குத்தான்டி எனக்காக ஒண்ணு செஞ்சிருக்கார். அதுக்குப் போய் எப்படித் திட்டறது?"

மறுநாள், நாலு செடியையாவது கிள்ளாமல் விடுங்கள் என்று கேட்டுப் பார்த்தாளாம். உனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டுத் தினமும் கிள்ளினார் மனிதர். வெயில் ஏறியது, செடிகள் கருகின. நாற்றுப்பண்ணைக்காரர் விதை கேட்டு வந்தபோது, போயிடுச்சு என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

அடுத்த வருஷம் அத்தான் கலர் கலராக விதை வாங்கி, நாற்றுப்பண்ணை ஆள் ஒருவரை வைத்து நாற்றுவிட்டு மாடியை நிரப்பினார். வருகிறவர்களையெல்லாம் மேலே கூட்டிப்போய்க் காட்டினார். "அவளுக்கு முன்னாடி இதுல ஆசை இருந்துச்சு, இப்ப சோம்பேறி ஆயிட்டா" என்று என் காதுபடவே சொன்னார். அக்கா மாடிக்குப் போவதையே விட்டுவிட்டாள்.

அந்தக் குளிர்காலம் முடிகிற சமயம், அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, காய்ந்த துணி எடுக்க நான் மேலே போனேன். தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால், தளத்து வெடிப்பில், ஒரு செடி. வெள்ளைப் பூ, கருநீல மேலிதழ். அத்தான் கடைக்குப் போயிருந்தார். கீழே ஓடி அக்காவை இழுத்துக்கொண்டு வந்தேன்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். குனிந்து முகர்ந்து பார்த்தாள். அதேதான் என்று தலையை ஆட்டினாள். பிறகு அடித்தண்டில் விரலைக் கொடுத்தாள்.

"மெதுவாக்கா. வேரோட எடு. எங்க வீட்டுக்குக் கொண்டுபோய் வைக்கிறேன்."

அவள் ஒரே இழுப்பாக இழுத்தாள். வேர் வெடிப்பிலேயே அறுந்து நின்றுவிட்டது. பூவும் இரண்டு காயுமாக இருந்ததைக் கைக்குள் வைத்துக் கசக்கினாள்.

"மறுபடியும் இதை வளர்த்து, மறுபடியும் யார் கையிலயாவது குடுத்துட்டு நிக்க எனக்குத் தெம்பு இல்லடி" என்றாள்.