கேட்டைத் திறந்தால் குனியும் ராஜாக்கள்

திருவனந்தபுரத்தில் யாரும் என் வீட்டுக் கதவைத் தட்டுவதில்லை. கேட்டின் கொண்டியைத் தட்டுகிறார்கள். இரும்பில் இரும்பு படும் சத்தம் மூன்று முறை கேட்கும், பிறகு "சாரே" என்று ஒரு குரல். நான் வெளியே போக வேண்டும். வந்தவர் சாலையிலும் நான் முற்றத்திலும் நிற்க, நெஞ்சளவு உயரமுள்ள கேட்டுக்கு இரு பக்கமாகவே வந்த காரியம் முடிந்துவிடும். கரமனைப் பக்கம் இந்த வாடகை வீட்டுக்கு நான் வந்தது தொண்ணூற்றாறில். அதற்குப் பிறகு கேட்டைத் தாண்டி உள்ளே வந்தவர்கள் யார் என்று சென்ற நவம்பரில் என் டயரிகளைப் புரட்டிப் பார்த்தேன். கேஸ் சிலிண்டர் கொண்டு வருபவர், மின்சார மீட்டர் பார்ப்பவர், வீட்டு உரிமையாளர் இரண்டு முறை, ஒரு சாம்பல் நிறப் பூனை.

அந்த நவம்பரில் டயரியைப் புரட்டியதற்குக் காரணம் இருந்தது. நான் ஆய்வுக்கூடக் கருவிகளைப் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறேன். எங்கள் அலுவலகத்தில் ஒரு சுற்றறிக்கை வந்தது. வெளியூர்க்காரர்கள் விரும்பினால் சொந்த மாவட்டத்துக்கு மாற்றல் கேட்கலாம், வருட முடிவுக்குள் எழுதித் தர வேண்டும், பிறகு கேட்க முடியாது. பாளையங்கோட்டையிலிருந்து அண்ணன் போனில் சொன்னார்: "இன்னும் என்னடே யோசன? பொண்டாட்டியா, பிள்ளையா, அங்க உனக்கு என்ன இருக்கு? மூட்டையக் கட்டு." நான் திருமணம் செய்துகொள்ளவில்லை. அதன் காரணம் இந்தக் கட்டுரைக்கு வேண்டாம். ஆனால் வேலை இங்கே நன்றாக இருந்தது. காற்றும் தண்ணீரும் பிடித்திருந்தன. இல்லாதது ஒன்றுதான். ஆகவே டயரியில் ஒரு நிபந்தனை எழுதிக்கொண்டேன். கிறிஸ்துமஸுக்குள் இந்தத் தெருவிலிருந்து ஒருவராவது, வேலை நிமித்தமாக அல்லாமல், என் வீட்டுக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தால் இங்கேயே இருப்பேன். இல்லையென்றால் போய்விடுவேன்.

இந்த ஊரில் டிசம்பர் பிறந்தால் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் காகித நட்சத்திரம் தொங்கும். இந்து வீடுகளிலும் தொங்கும். பல வீட்டு முற்றங்களில் வைக்கோல் வேய்ந்து புல்கூடு அமைப்பார்கள். நமது குடில்தான். எங்கள் சபையில் குடில் கிடையாது. சவுக்குக் கிளையும் நட்சத்திரமும் மட்டுமே. உருவம் வைப்பது தவறு என்று வளர்ந்தவன் நான். இருந்தும், பார்க்க வருகிறவர்கள் கேட்டைத் தாண்டட்டும் என்று, அசையும் உருவங்களோடு ஒரு புல்கூடு செய்யத் தொடங்கினேன். அண்ணன் விஷயத்தைக் கேட்டதும், "சுரூபமாடே செய்யுத? அப்பா இருந்தா உன்ன வீட்டுக்குள்ள விடுவாரா?" என்றார். "சுரூபம் இல்ல, இது மெஷின்" என்றேன். "மெஷினுக்குத் தாடி எதுக்கு?" என்று கேட்டார்.

மூன்று ராஜாக்கள், ஒரு மேய்ப்பன், ஒரு கழுதை. சாலை எனப்படும் கடைவீதியின் பழைய சாமான் கடையில் கார் கண்ணாடியைத் துடைக்கும் வைப்பரின் மோட்டார்கள் ஐந்து கிடைத்தன. வைப்பர் மோட்டாருக்கு அவசரம் கிடையாது. மெதுவாகவும் பலமாகவும் சுற்றும். ஒரு பெரியவர் குனிந்து வணங்குவதற்கு அந்த வேகம்தான் சரி. சக்கரத்தின் விளிம்பில் ஓர் ஆணி, ஆணியில் ஒரு கம்பி, கம்பியின் மறுமுனை ராஜாவின் இடுப்பில். சக்கரம் ஒரு சுற்று வந்தால் ராஜா ஒருமுறை குனிந்து நிமிர்வார். எலும்புக்குக் குடைக்கம்பி, தசைக்குத் தெர்மோகோல், தோலுக்குப் பசை தோய்த்த செய்தித்தாள். முகங்களை மலையாளச் செய்தித்தாளில் செய்ததால், வண்ணம் பூசும் வரை ராஜாக்களின் கன்னங்களில் மரண அறிவிப்புகள் இருந்தன. கழுதைக்குக் காது மட்டும் அசையும். மேய்ப்பனுக்குக் கை. மூன்றாவது ராஜாவின் இடுப்பு இரண்டு முறை முறிந்தது. சைக்கிள் பெடலின் பேரிங்கை வைத்த பிறகு சரியாயிற்று. மாலை ஐந்தரை முதல் எட்டு வரை, இருபத்தாறு நாட்கள். அந்த நாட்களில் ராஜாக்களோடு சத்தமாகப் பேசினேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். தமிழில்தான். வேறு யாரோடும் அந்த வீட்டில் தமிழ் பேச வாய்ப்பில்லை.

இயக்கும் சுவிட்சில்தான் என் எண்ணம் முழுவதும் இருந்தது. ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தால் உள்ளே விளக்கு எரிகிறதல்லவா, அதற்கான சிறிய சுவிட்சை வாங்கிக் கேட்டில் பொருத்தினேன். கேட்டைத் திறந்தால் ஐந்து உருவங்களும் நாற்பது நொடி இயங்கும். திறக்காவிட்டால் அசையாது. வெளியிலிருந்தே பார்த்துவிட்டுப் போக முடியாது. உள்ளே வருகிறவருக்குத்தான் ராஜாக்கள் வணங்குவார்கள்.

டிசம்பர் பதினைந்தாம் தேதி எல்லாம் தயார். நான் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். ஆட்கள் வந்தார்கள். மதில்மேல் கை ஊன்றி எட்டிப் பார்த்தார்கள். எதிர்வீட்டு சுகுமாரன் நாயர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் தினமும் நின்று பார்த்தார். மூன்றாம் நாள் கொண்டியைத் தட்டி, "மோட்டோர் கேடாயோ சாரே?" என்று கேட்டார். மோட்டார் கெட்டுப்போகவில்லை, நன்றாக இருக்கிறது என்றேன். "பின்னே இது அனங்ஙூலே?" என்றார். அசையும் என்றேன். திறந்து பாருங்கள் என்று அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்லி ஒருவர் வந்தால் அது வந்ததாகுமா என்று தோன்றியது. அவர் அசையாத ராஜாக்களை இன்னும் ஒரு நிமிடம் மரியாதைக்காகப் பார்த்துவிட்டுப் போனார்.

இருபத்திரண்டாம் தேதி காலை மீட்டர் பார்ப்பவர் வந்தார். பெயர் மணியன். அவருக்கு என்னை அழைத்துக் கேட்க வேண்டிய அவசியம் இல்லை. நேராகக் கேட்டைத் திறந்தார். மூன்று ராஜாக்களும் அவருக்குக் குனிந்தார்கள். கழுதை காதை ஆட்டியது. "அய்யோ! இது எந்தர் சாரே!" என்று மீட்டர் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பிறகு வெளியே போனார், கேட்டைச் சாத்தினார், மறுபடி திறந்தார். ஐந்து முறை. மீட்டரைப் பார்க்க மறந்து புறப்பட்டவரை நான்தான் நினைவுபடுத்தித் திரும்ப அழைத்தேன்.

"சாயக்கடையில எல்லாரும் பறயணு, தமிழ் சாரின்டே பிரதிமகள் ஓடூல எந்நு. ஆரெயெல்லாம் விளிச்சு?"

என் பொம்மைகள் ஓடாது என்று டீக்கடையில் பேச்சாம். யாரையும் அழைக்கவில்லை என்றேன்.

"விளிக்காதெ ஆரு வரான்?" அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "சாரினு ஆளு வரணது இஷ்டமல்ல எந்நாணு எல்லாரும் விசாரிச்சிருக்கணது."

ஆட்கள் வருவது எனக்குப் பிடிக்காது. மூன்று வருடமாகத் தெருவே என்னைப் பற்றி நினைத்தது அது. இங்கே அழைக்காத வீட்டுக்குள் நுழைவது அவமரியாதை. அழைக்காத வீட்டுக்காரன் தனிமையை விரும்புகிறவன். அவர்கள் என் விருப்பத்துக்கு மரியாதை கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

பாளையங்கோட்டையில் இருந்து இதைப் படிக்கிறவர்கள் சிரிப்பீர்கள். எங்கள் தெருவில் பண்டிகைக்கு யாரையும் அழைக்கும் வழக்கமே இல்லை. அழைத்தால், நீ வருவாயோ மாட்டாயோ என்று சந்தேகப்பட்டதாக ஆகிவிடும். நான் பள்ளியில் படிக்கும்போது சென்னையிலிருந்து எங்கள் தெருவுக்குக் குடிவந்த ஒரு குடும்பம், கிறிஸ்துமஸ் மதியச் சாப்பாட்டுக்கு வரச் சொல்லி அழகான அட்டையில் எழுதி அனுப்பியது. அம்மா அதை இரண்டு முறை படித்தாள். "நம்மள வேத்தாளாக்கிட்டாங்களே" என்று கண் கலங்கினாள். எங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் போகவில்லை. அந்தச் சென்னைக் குடும்பம் அன்று எத்தனை பேருக்குச் சமைத்து வைத்திருந்தது என்று இத்தனை வருடம் கழித்து, மணியன் போன பிறகுதான் யோசித்தேன்.

மறுநாள் மாலை நாலரைக்குச் சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். ஏழு வீடுகள். ஒவ்வொரு கேட்டிலும் நின்று நானும் கொண்டியைத் தட்டினேன். முதலில் எதிர்வீடு. கடன் கேட்க வந்தவன் போல இருந்தது. சுகுமாரன் நாயர் வாசலுக்கு வந்து, நான் வாக்கியத்தை முடிக்கும் முன்பே உள்ளே திரும்பிக் கூவினார்: "ராதே, தமிழ் சார் விளிக்கான் வந்நிருக்கணு!" அவர் மனைவி ராதாமணி டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "எத்ர மணிக்கா சாரே?" என்று கேட்டார். நேரம் என்ற ஒன்று வேண்டும் என்றே எனக்குத் தோன்றியிருக்கவில்லை. ஆறு மணி என்றேன்.

இருபத்திநாலாம் தேதி ஆறு மணிக்குப் பதினொரு பேர் சேர்ந்து வந்தார்கள். கேட்டைத் தாங்களே திறக்க வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் ஆசை. ஆகவே வரிசையில் நின்று ஒருவர் திறந்து உள்ளே வர, ராஜாக்கள் வணங்கி முடிக்க, கேட்டைச் சாத்த, அடுத்தவர் திறந்தார். சுகுமாரன் நாயர் இரண்டு முறை வந்தார். "மேய்ப்பன் உடுத்திருப்பது பாண்டி வேட்டியல்லவா" என்று யாரோ மலையாளத்தில் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தமிழர்களை இங்கே பாண்டி என்பார்கள்; அது என் வேட்டிதான். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். நாற்காலிகள் போதாமல் இரண்டு பேர் கட்டிலில் அமர்ந்தார்கள். டீயும் முறுக்கும் கொடுத்தேன். ராதாமணி டீச்சர் டம்ளரை வைக்கச் சமையலறைக்குப் போனவர், அங்கே சுவரில் மாட்டியிருந்த பாத்திர அடுக்கில் ஒரு தட்டு மட்டும் இருப்பதைப் பார்த்தார். "ஒற்றய்க்காணு, அல்லே?" என்றார் மெல்ல. ஆமாம், தனியாகத்தான் என்றேன். ஏழேகாலுக்கு எல்லோரும் ஒன்றாக எழுந்தார்கள். கேட்டைத் திறந்து வெளியேறியபோது ராஜாக்கள் மறுபடி குனிந்தார்கள். வருகிறவர் யார், போகிறவர் யார் என்று அந்தச் சுவிட்சுக்குத் தெரியாது. நாற்பது நொடி அவர்கள் காலியான சாலையை வணங்கி நின்றார்கள்.

நிபந்தனை நிறைவேறிவிட்டது. இருபத்தைந்தாம் தேதி யாரும் வரவில்லை. இருபத்தாறும் அப்படியே. அழைத்தது இருபத்திநாலுக்கு மட்டுமே என்பதால் அதில் அவர்கள் தவறு ஏதுமில்லை. இருபத்தெட்டாம் தேதி உருவங்களைப் பிரித்துப் பெட்டியில் அடுக்கினேன். முப்பதாம் தேதி, மாற்றல் தேவையில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அதைப் போனில் அண்ணனிடம் சொன்னேன். "வீடு வீடாப் போயிக் கூப்பிட்டியாடே? அதுவும் ஒரு ஊரா?" என்றார். "அவங்க முறை அது" என்றேன். இந்த ஊருக்காக நான் பேசியது அதுவே முதல் தடவை.

புத்தாண்டுக்குப் பாளையங்கோட்டை போயிருந்தேன். ஆராதனை முடிந்த பிற்பகலில், பள்ளித் தோழன் செல்வின் வீட்டுக்குப் போனேன். கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே டி.வி. ஓடியது, யாரோ சிரித்தார்கள், மட்டன் குழம்பு வாசனை. நான் படியில் நின்றேன். கால் உள்ளே போகவில்லை. தொண்டையைச் செருமி, "வீட்டுல ஆள் இருக்காங்களா?" என்று கேட்டேன். உள்ளிருந்து அவன் மனைவி, "ஏங்க, யாரோ கலியாணப் பத்திரிகை குடுக்க வந்திருக்காங்க" என்றாள். செல்வின் சட்டையைப் போட்டுக்கொண்டே வந்தான். "ஏலே, நீயா? என்னடே வெளிய நின்னு சவுண்ட் விடுத?" என்று சிரித்தான். அவன் 'வா' என்று சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தெரியாது. நான் பின்னால் வருவதாக நினைத்துக்கொண்டு, பேசிக்கொண்டே உள்ளே நடந்தான். நான் ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு, மற்றது காலில் இருக்க, அந்தப் படியிலேயே நின்றுகொண்டிருந்தேன்.