தேன்மொழி அக்கா மோட்டாரை எரிக்கவில்லை

செய்தி ஜீப்காரரின் போனிலிருந்துதான் வந்தது. கடை முதலாளி கோபி அண்ணன் எடுத்தார். "எந்த வளைவுல?" என்று கேட்டார். பிறகு போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றார். மலைமேல் என் ஊரான நெல்லிவாசல்நாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்த ஷேர் ஜீப் கவிழ்ந்துவிட்டது. மற்றவர்களுக்குக் கை முறிவு, கால் முறிவு. தேன்மொழி அக்கா போய்விட்டார். அன்று காலை கடையிலிருந்து கிளம்பும்போது என்னிடம், "சாய்ந்திரம் வந்துடுவேன். என் சேர்ல எவனையாச்சும் ஒக்கார வச்ச, வந்து ஒதைப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர்.

அவரை அறிந்த உங்களுக்காக இதை எழுதுகிறேன். படத்திறப்பு அன்று என்னைப் பேசச் சொன்னார்கள். கூட்டத்தின் முன்னால் எனக்குப் பேச்சு வராது. எழுதித் தருகிறேன் என்றேன். "நல்லதா நாலு வார்த்த எழுதும்மா" என்றார் கோபி அண்ணன். அந்த நாலு வார்த்தை தலைப்பிலேயே இருக்கிறது. மீதியெல்லாம் அதற்கான காரணம்.

சந்தவாசலில் கோபி அண்ணனின் எலெக்ட்ரானிக்ஸ் கடையில் நானும் அக்காவும் பக்கத்துப் பக்கத்து மேசை. அக்கா டிப்ளமோ படித்தவர், அடிவாரத்துக்காரர். நான் மலையிலிருந்து வந்தவள். எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. சித்தி வீட்டில் தங்கி இந்த வேலைக்கு வந்தேன். மில், கிணற்று மோட்டார், சோலார் வேலி ஆகியவற்றை ஓட்டுகிற போர்டுகள்தான் எங்களிடம் வரும். போர்டு என்றால் உள்ளங்கை அளவு தகடு, அதன் நடுவில் ஒரு சில்லு. அந்தச் சில்லுக்குள் ஏற்றியிருக்கும் கட்டளைகள்தான் ஃபர்ம்வேர். தண்ணீர் எவ்வளவு, சூடு எவ்வளவு என்று வெளியே இருக்கும் சென்சார்கள் சொல்ல, அதன்படி மோட்டாரைப் போட்டு நிறுத்துவது அதன் வேலை.

அக்காவின் குணத்துக்கு ஒரு மில்காரரைச் சொன்னால் போதும். அவர் மில்லில் சூடு காட்டும் எண் தாறுமாறாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. போர்டைத் தூக்கிக்கொண்டு வந்தவர் எங்கள் இருவரையும் பார்த்தார். "இன்னாம்மா, ஆம்பளைங்க யாரும் இல்லியா?"

"இருக்காரு. எங்களுக்கு டீ வாங்கியாரப் போயிருக்காரு" என்றார் அக்கா. கடை முதலாளி அந்த நேரத்தில் சரியாக டீ தூக்கோடு உள்ளே வந்தார்.

மேசையில் போட்டுப் பார்த்தால் எண் அசையாமல் நின்றது. "டேபிள் மேல எல்லாருமே நல்லவங்கதான்" என்று சொல்லி, போர்டோடு மில்லுக்கே கிளம்பிவிட்டார் அக்கா. அது அவருடைய வழக்கம். கோளாறு எங்கே வந்ததோ அங்கேயே மாட்டி, அது மறுபடி வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். மில்லில் சென்சார் ஒயரை மோட்டார் கேபிளோடு சேர்த்து ஒரே கட்டாகக் கட்டியிருந்தார்கள். பிரித்து வேறு வழியாக இழுத்ததும் சரியானது. ஆனால் அக்கா அதோடு விடவில்லை. அந்த போர்டின் ஃபர்ம்வேர் அவரே எழுதியது. ஒவ்வொரு முறை மில்லைப் போடும்போதும் ஒரு சின்ன 'பீப்' வரும். அதை நீட்டிவிட்டார். "டெய்லி காலைல அவன் காதுல நான் கத்தறேன்டி" என்றார். அந்த மில் இன்றும் அப்படித்தான் கத்துகிறது. யாரும் அதை மாற்றக் கூடாது.

இனி மோட்டார்.

எங்கள் ஊர்க் கிணற்று மோட்டாருக்கு வெளியூர் கம்பெனி ஒன்று போர்டு கொடுத்திருந்தது. கடை அதை மாட்டித் தந்தது, அவ்வளவுதான். உள்ளே இருப்பதைத் தொடக் கூடாது என்று பெட்டியின் மூடியில் வெள்ளி நிறத்தில் ஒரு சீல் ஒட்டியிருந்தார்கள். அந்தக் கம்பெனியின் சர்வீஸ் பொறுப்பாளரை நாங்கள் 'சார்' என்போம். அவர் பெயரை இங்கே எழுத மாட்டேன். அக்காவின் பெயர் இருக்கும் தாளில் அந்தப் பெயருக்கு இடமில்லை.

போர்டில் ஒரு பச்சை விளக்கு உண்டு. சில்லு வேலை செய்கிறவரை அது சிமிட்டிக்கொண்டே இருக்கும். எங்கள் ஊரில் மோட்டார் ஓடத் தொடங்கும்போது சில சமயம் அது சிமிட்டாமல் எரிந்தபடி நின்றுவிடுகிறது என்பதை மாட்டிய சில நாட்களிலேயே அக்கா கவனித்தார். "சிமிட்டாத கண்ணு செத்த கண்ணுடி" என்றார். சில்லு உறைந்துவிட்டால் மோட்டாரை நிறுத்த ஆள் கிடையாது. கிணறு வற்றினாலும் ஓடும். உறைந்த சில்லைத் தானே தட்டி எழுப்ப அதற்குள்ளேயே ஒரு கடிகாரம் உண்டு, வாட்ச்டாக் என்பார்கள். அது ஏன் வேலை செய்யவில்லை என்று அக்கா சாருக்குப் போன் போட்டார். ஒரு முறை இல்லை, பலமுறை. "இங்க டேபிள்ல நல்லாத்தான் ஓடுது மேடம்" என்பதே பதில்.

கோடையில் மோட்டார் எரிந்தது.

மறுநாள் காலை சார் வருவதற்கு முன்னால் அக்காவும் நானும் பம்ப் ரூமுக்குப் போனோம். பெட்டியின் சீல் கிழிந்திருந்தது. திறந்தால் மூடியின் உட்பக்கம் குங்குமம். சில்லின் தலையில் ஒரு சந்தனப் பொட்டு, காய்ந்து வெடித்து. ஆயுத பூஜைக்கு எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பார்கள். ஏர், ஜீப், தராசு, மாவு மிஷின். பெட்டிக்கு வெளியே வைத்தது போதாதென்று, உள்ளே இருப்பதுதான் உண்மையான சாமான் என்று திறந்து வைத்திருக்கிறார்கள். மோட்டார் பார்த்துக்கொள்ளும் வெள்ளையன் மாமா தலையைச் சொறிந்தார். "சாமிக்குத்தானே பாப்பா வச்சோம்…"

"சாமிக்கு வச்சீங்க சரி. இது சாமி இல்ல மாமா, சில்லு" என்றார் அக்கா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துப் பொட்டையும் குங்குமத்தையும் துடைத்து எடுத்தார். "காஞ்ச சந்தனத்தால மோட்டார் எரியாது. ஆனா இத அந்தாளு பாத்தான்னா மோட்டார் காச ஒங்க ஊர் தலைல கட்டிடுவான். நீ வாயத் தொறக்காத. அது ஒனக்கு நல்லா வரும்" என்றார் என்னிடம். சத்தியம் வாங்கிக்கொண்டார். அவர் இருந்தவரை காத்தேன். இப்போது அது யாரையும் கட்டுப்படுத்தாது.

சார் வந்தார். ஊர் கூடியிருந்தது. பெட்டியைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். "சீல் ஒடைஞ்சிருக்கே. அடிக்கடி இங்க வந்து போறது யாரு? இந்தப் பொண்ணுதானே?"

"நான் தொறக்கல" என்றார் அக்கா.

"அப்ப யாரு?"

அக்கா வெள்ளையன் மாமாவைப் பார்த்தார். மாமா தரையைப் பார்த்தார். என் ஊர் முழுவதும் தரையைப் பார்த்தது. மில்காரர் காதில் தினம் கத்துகிறவர், அன்று எங்கள் ஊருக்காக வாயை மூடிக்கொண்டார்.

அந்தக் கோடை முழுக்கப் பெண்கள் ஓடைப் பள்ளத்தில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் சுமந்தார்கள். அக்கா எதிரில் வந்தால், "மோட்டார எரிச்சவ போறா பாரு" என்று அவர் காதுபடச் சொன்னார்கள். என் அத்தைமார்கள்தான் சொன்னது. வேறு மோட்டாரும், அதே கம்பெனியின் வேறு போர்டும் வந்தன. சார் தன் கையாலேயே சீல் ஒட்டினார். அக்கா அப்போதும் விடவில்லை. வேலை இல்லாத நாட்களில் மேலே போய், பம்ப் ரூம் வாசலில் உட்கார்ந்து, பச்சை விளக்கு எப்போது சிமிட்டாமல் நிற்கும் என்று காத்திருந்தார். அவர் கடைசியாக ஜீப் ஏறியதும் அதற்குத்தான்.

படத்திறப்புக்குச் சார் பெரிய ரோஜா மாலையோடு வந்தார். மாலையைப் போட்டுவிட்டுப் பேசினார். "தப்பு யாருக்கும் வரும். அந்த மோட்டார் விஷயத்த நாங்க மனசுல வச்சிக்கல. மன்னிச்சிட்டோம்."

அக்காவின் அம்மா அவரைக் கும்பிட்டார். எங்கள் ஊரிலிருந்து வந்த ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம், "மோட்டார எரிச்ச பொண்ணு, நல்ல வயசு, பாவம்" என்றாள். அம்மாவுக்கு அது கேட்டது. கும்பிட்ட கை அப்படியே நின்றது.

நான் எழுந்தேன். எனக்கு வந்தது ஒரே ஒரு வாக்கியம். "சார், புது போர்ட ஒரு தடவ மேல வந்து பாப்பீங்களா?"

படத்துக்கு முன்னால், அத்தனை பேருக்கு முன்னால், அவரால் வேறென்ன சொல்ல முடியும்? "கண்டிப்பா வர்றேம்மா" என்றார். நீங்கள் பலரும் அதை மரியாதையான அழைப்பு என்று நினைத்தீர்கள். இல்லை. அவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அந்த வாசலில் உட்கார வைக்க வேண்டும் என்று இருந்தது எனக்கு.

வந்தார். அதே வளைவு வழியாக, ஷேர் ஜீப்பில். பம்ப் ரூம் வாசலில் அக்கா உட்காரும் கல்லைக் காட்டினேன். "சேர் இல்லியா?" என்றார். இல்லை என்றேன். முதலில் சீலைப் பார்க்கச் சொன்னேன். அவர் ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது. பெட்டியின் கண்ணாடி வழியாகப் பச்சை விளக்கு ஒழுங்காகச் சிமிட்டியது. "பாத்தியா, நல்லாத்தான கீது" என்று எழுந்தார்.

"இன்னும் கொஞ்ச நேரம் சார்."

மேல்தொட்டியின் அடியில் இருக்கும் குழாயைத் திறந்துவிடச் சொல்லியிருந்தேன். தொட்டி காலியாகக் காலியாக மோட்டார் எடுக்கும், நிரம்பினால் நிற்கும், மறுபடி எடுக்கும். தண்ணீர் வீணாகக் கூடாதென்று பெண்கள் குடம், அண்டா, சாமை அவிக்கும் பானை என்று எல்லாவற்றிலும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறியது. சார் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டார். "இது இன்னா வேலை, ஆள வச்சிக் காய வைக்கறது?" என்றார். நான் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். மோட்டார் ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் உள்ளே மோட்டாருக்குக் கரண்ட் விடும் காண்டாக்டர் 'டக்' என்று அடிக்கும். விளக்கு சிமிட்டும். டக். சிமிட்டும்.

ஒரு 'டக்'கில் அது நின்றது. எரிந்தபடி, சிமிட்டாமல்.

சார் பார்த்துவிட்டார். தொட்டி நிரம்பி வழிந்தது. மோட்டார் நிற்கவில்லை. கிணற்றில் தண்ணீர் இறங்கி, குழாய் காற்றை விழுங்கி இருமத் தொடங்கியது. மோட்டார் சத்தம் கரகரத்தது. அவர் சுவிட்சை நோக்கி ஓடி வந்தார். சுவிட்சுக்கு முன்னால் நான் நின்றிருந்தேன்.

"நவுரும்மா, எரிஞ்சிடும்!"

"ஏன் சார் எரியும்?"

"போர்டு ஹேங் ஆயிடுச்சும்மா! ஆஃப் பண்ணு!"

"எங்க போர்டா, ஒங்க போர்டா சார்?"

"எங்க போர்டுதான்! ஆஃப் பண்ணித் தொல!"

குடத்தோடு நின்ற எல்லோருக்கும் கேட்டது. அதன் பிறகுதான் சுவிட்சைத் தட்டினேன். அந்த மோட்டார் எரிந்திருந்தாலும் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன். இதைப் படிக்கும் என் ஊர்க்காரர்களுக்கும் அது தெரிய வேண்டும்.

ஜீப்புக்காகக் காத்திருக்கும்போது சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். வாட்ச்டாக்கைக் கம்பெனியிலேயே ஆஃப் செய்துதான் அனுப்பினார்களாம். மலையில் சிக்னல் சரியாகக் கிடைக்காது. கம்பெனிக்குத் தகவல் அனுப்ப போர்டில் வைத்திருக்கும் சிம் டவரைத் தேடி நேரம் எடுத்துக்கொள்ளும்போது, சில்லு உறைந்துவிட்டது என்று தப்பாக எண்ணி வாட்ச்டாக் அதைத் திரும்பத் திரும்பத் தட்டி எழுப்பிக்கொண்டே இருந்ததாம். புகார் வருகிறதென்று அணைத்துவிட்டார்களாம். "அடுத்த வெர்ஷன்ல சரி பண்ணிடறேன். வெளிய சொல்லாதம்மா. பாவம், அவங்களே போய்ட்டாங்க. இனிமே இன்னா ஆவப்போவுது?"

என் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார். சார், இதோ வெளியே சொல்லிவிட்டேன்.

இப்போது எங்கள் ஊரில் எல்லோரும் அக்காவைத் தங்கம் என்கிறார்கள். போன வாரம் வெள்ளையன் மாமா கடைக்கே வந்தார். பம்ப் ரூமில் மாட்ட அக்காவின் படம் ஒன்று வேண்டுமாம். "பூஜைக்கு ஒரு பொட்டு வச்சி, பூ போட்டுக் கும்புடுவோம் பாப்பா. தெய்வம் மாரி பொண்ணு."

"போன பூஜைக்குப் பொட்டு வச்சது யாரு மாமா?" என்றேன்.

அவர் தரையைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கம்.

போர்டுகளைச் சோதிக்க அக்கா வைத்திருந்த மீட்டரை அவர் அம்மா கொண்டுபோய்ப் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறார். அவர் நாற்காலியில் இதுவரை யாரும் உட்காரவில்லை. உட்கார விடவும் மாட்டேன். மாமா கேட்ட படம் என் மேசை டிராயரில் இருக்கிறது, சால்டரிங் ஈயச் சுருளுக்குப் பக்கத்தில். அதில் அக்கா யாரையோ திட்டப்போகிற முகத்தோடு இருக்கிறார். என் ஊரில் ஒரே ஒருவர், அக்காவின் அம்மாவுக்கு முன்னால் போய் நின்று, தரையைப் பார்க்காமல், "பெட்டியத் தொறந்தது நாங்கதாம்மா" என்று சொல்லட்டும். அன்றைக்குப் படத்தைத் தருகிறேன். அதுவரை அது என்னிடம்தான் இருக்கும்.