இரண்டு பேருக்கான பாஸ்

என் அண்ணனுக்கு வீட்டில் நாங்கள் வைத்த பெயர் லாபம். சிலரை, ஓசியில் கிடைத்தால் பினாயிலைக்கூடக் குடிப்பான் என்பார்கள். இவன் அந்த ரகம் இல்லை. ஓசி இவனுக்குப் பிடிக்காது. காசு கொடுக்க வேண்டும், கொடுத்த காசுக்கு மேல் வாங்கவும் வேண்டும். சின்ன வயதில் நீச்சல் குளத்துக்குப் போனால் விரலெல்லாம் சுருங்கி, உதடு வெளுத்து, காவலாளி விசில் ஊதி விரட்டும் வரை கரையேற மாட்டான். டிக்கெட் வாங்கியாயிற்றே. இப்போது ஒரு டயர் கிடங்கில் ஸ்டோர் பொறுப்பாளர். கல்யாணத்தில் லாபம் தெரியவில்லையோ என்னவோ, செய்துகொள்ளவில்லை. ஒரு ராத்திரி ரயில் தூரத்தில், இரண்டு அறை வீட்டில் தனியாக இருக்கிறான்.

போன மாதம் அவனை நான்தான் வரச் சொன்னேன். எனக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்று டாக்டர் தேதி கொடுத்துவிட்டார். எடுத்த பிறகு இரண்டு மாதத்துக்கு ஒரு வாளி தண்ணீர்கூடத் தூக்கக் கூடாதாம். நான் தினமும் தூக்குவது அப்பாவை. பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்கு இடது கை, கால் வராது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கழிப்பறைக்கு, எல்லாம் என் தோளில்தான். அந்த இரண்டு மாதம் அப்பாவை நீ வைத்துக்கொள் என்று அண்ணனிடம் கேட்க வேண்டும். போனில் கேட்கிற காரியமா இது? முகத்தைப் பார்த்துக் கேட்போம் என்று காத்திருந்தேன்.

காலையில் வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. சட்டைப் பையிலிருந்து பளபளவென்று ஓர் அட்டையை எடுத்து நீட்டினான். ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கான பாஸ். மூன்று நாள் பஸ், டிராம், படகு எதில் வேண்டுமானாலும், எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறலாம். ஸ்டேஷன் கவுண்டரிலேயே வாங்கியிருக்கிறான்.

"ஒருத்தருக்குன்னா விலை ஜாஸ்தி பாப்பா. ரெண்டு பேருக்கா வாங்கினா தலைக்கு நல்லா குறையுது. அதான் உன்னையும் சேத்து வாங்கிட்டேன்."

எனக்கு ஐம்பது வயது. அவனுக்கு இன்னும் பாப்பாதான்.

"நான் இந்த ஊர்க்காரி. எனக்கு எதுக்கு டூரிஸ்ட் பாஸ்?"

"ரெண்டு பேரும் சேந்து ஏறினாதான் செல்லும். தனியா ஏறினா மெஷின் எடுக்காது. நீ வரலன்னா எனக்கும் வீண்தான்."

இந்த பாஸ் யாருக்கு லாபம் என்று என்னைக் கேட்டால் சொல்லியிருப்பேன். காலையில் ஒரு மூலை, மாலையில் வேறொரு மூலை என்று அலசுகிறவர்களுக்கு லாபம். ஒரே ஒரு வீட்டைப் பார்க்க வருகிறவனுக்கு, வர ஒன்று போக ஒன்று, இரண்டு சாதா டிக்கெட் போதும். அவன் என்னைக் கேட்கவில்லை.

மூன்று நாளும் என்னை இழுத்துக்கொண்டு அலைந்தான். வீட்டில் நான் கீழ்மடிப்பு தைத்துக் கொடுக்க வேண்டிய பேண்ட்டுகள் தையல் மெஷின் மேல் மலையாகக் குவிந்து கிடந்தன. மகன் வருகிறான் என்று முகச்சவரம் செய்யச் சொல்லி, இஸ்திரி போட்ட சட்டை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்ட அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். எதிர் வீட்டு டியூஷன் டீச்சர்தான் அவரைப் பார்த்துக்கொண்டாள். நாங்கள் ஊர் பார்த்தோம். பார்த்தோம் என்றால் கண்ணாடி வழியாகத்தான். மியூசியத்துக்குள் போக பாஸ் செல்லாது, தனி டிக்கெட். ஆகவே மியூசியத்தை டிராமிலிருந்தே பார்த்தோம், போகும்போது வலப்பக்கம், வரும்போது இடப்பக்கம். படகில் அக்கரைக்குப் போய், கரையில் கால் வைத்த கையோடு அதே படகில் திரும்பினோம்.

படகில் கொஞ்சம் காற்று வாங்குகிறானே, இதுதான் சமயம் என்று ஆரம்பித்தேன். "அண்ணா, அப்பா விஷயமா பேசணும். எனக்கு ஆபரேஷன்னு சொன்னேன்ல."

"பாக்கலாம் பாப்பா. மொதல்ல இறங்கு, டிராம் நிக்குது பாரு."

கடன் கேட்டவனிடம் சொல்கிற பாக்கலாம் எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் கூடப்பிறந்தவன் ஆயிற்றே என்று நப்பாசை.

இரண்டாம் நாள் டிராமில் நிற்க இடமில்லை. அடிவயிற்றில் கத்தி வைத்துத் திருகுவது போல் வலி. கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்து நின்றேன். பக்கத்தில் அண்ணன் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தான்.

"போட்ட காசு இப்பதான் வந்திருக்கு. இனிமே ஏறறது எல்லாம் லாபம்."

அந்த அட்டையைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே எறியலாமா என்று வந்தது. எறியவில்லை. அவனிடம் காரியம் ஆக வேண்டியிருந்ததே.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவனுக்கு ரயில். பையோடு கிளம்பி, போகிற வழியில் இன்னும் இரண்டு பஸ் மாறலாம் என்றான். ஸ்டேஷன் பஸ்ஸில் உட்கார்ந்ததும் நான் அடக்கி வைத்ததெல்லாம் வெடித்தது.

"ரெண்டே மாசம். அப்பாவ வெச்சுக்க முடியுமா, முடியாதா? ஒரு வார்த்தையில சொல்லிடு."

முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் வெளியே பார்த்தான்.

"ஷிப்ட் மாறி மாறி வருது பாப்பா. பாக்கலாம்."

ஸ்டேஷனில் இறங்கி, அட்டையை என் கையில் வைத்து அழுத்தினான். "ராத்திரி வரைக்கும் செல்லும். வீணாக்காத." ஒற்றை ஆளுக்குச் செல்லாது என்று சொன்னவனே அவன்தான். திரும்பி வர நான் காசு கொடுத்து டிக்கெட் வாங்கினேன்.

வீட்டில் அப்பா விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரைக் கட்டிலுக்குத் தூக்கிக்கொண்டே புலம்பினேன். "கடைசி வரைக்கும் பதில் சொல்லாமலே போயிட்டான்பா."

"எங்கிட்ட சொல்லிட்டாம்மா."

"எப்ப?"

"வந்த அன்னிக்கே. நீ குளிக்கப் போயிருந்தப்ப நானே கேட்டேன். தன்னால முடியாதுன்னான். அவகிட்ட நீங்க சொல்லாதீங்க, பாஸ் இருக்கு, மூணு நாள் அவள சந்தோஷமா சுத்திக் காட்டிட்டுப் போறேன்னான்."

சந்தோஷமாக. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அவன் மேல் மட்டுமா? நான் ஒவ்வொரு வண்டியாகக் கெஞ்சிக்கொண்டு அலைந்தது தெரிந்தும் வாயைத் திறக்காத அப்பா மேலும்தான்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை, தேதியைத் தள்ளிப் போட முடியுமா என்று கேட்டேன்.

"ஏற்கெனவே லேட்டும்மா," என்றாள் நர்ஸ். "அப்பாவப் பாத்துக்க வேற யாரும் இல்லையா? கூடப்பொறந்தவங்க?"

"அப்படி யாரும் இல்ல," என்றேன்.

அப்பா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.