ரெண்டு ராப்பர், ஒரு ஃபேக்டரி பஸ்

மூன்று வாரமாக நானும் கோகிலாவும் பேசவில்லை. பாசிர் கூடாங் ஃபேக்டரி பஸ்ஸில் எட்டு வருடம் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தவர்கள் நாங்கள்.

காரணம், ராப்.

பள்ளிக் காலத்திலிருந்து நான் கேட்டு வளர்ந்த பாடகரை, அவள் கொண்டாடும் புதுப் பையன் ஒரு பாட்டில் "போதும், ரிட்டையர் ஆவுங்க" என்று கிண்டலடித்துவிட்டான். அவள் சிரித்தாள். நான் எழுந்து பின்னால் போய்விட்டேன்.

இன்று பன்னிரண்டு மணி நேரம் நின்ற காலோடு பஸ் ஏறினால், எல்லார் போனிலும் ஒரே புதுப் பாட்டு. அந்த ரெண்டு பேரும் சேர்ந்து பாடியது! வீடியோவின் கடைசியில் கட்டிப்பிடித்துச் சிரிக்கிறார்கள்.

"சண்டையா? அது சும்மா, பாட்டுக்காக," என்கிறார் வீடியோவில் என் பாடகர்.

அலமாக்! சும்மாவா? மூன்று வாரம் டயருக்கு மேலே இருக்கும் சீட்டில் குலுங்கிக்கொண்டு வந்தது யார்?

கோகிலா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த கறிபாப்பில் பாதியை என் கையில் வைத்தாள்.

"நம்மதான் பைத்தியம்லா, அக்கா."

"ஆமாலா."

கொஞ்ச தூரம் போனதும் மெதுவாகக் கேட்டாள்.

"ஆனா பாட்டுல எங்க ஆளுதான் பெஸ்ட், இல்லக்கா?"

கறிபாப்பைத் திருப்பிக் கொடுக்கவில்லை, அவ்வளவு பசி. தின்றுகொண்டே எழுந்து எங்கள் பழைய சீட்டுக்குப் போனேன். இப்போது டயர் சீட்டில் அவள்.

பாட்டைக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள். அவள் பக்கம் மட்டும் பேசாதீர்கள். இன்னொரு சீட் மாற எனக்குக் காலில் தெம்பில்லை.