திருச்சி என்று சொன்னேன்

எம்.டெக். படிக்க மட்டக்களப்பிலிருந்து பெங்களூருக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. இது முதல் இரண்டு மாதங்களில் நடந்தது. வரிசைப்படுத்தினால்தான் எனக்கு எதுவும் தெளிவாகும். அதனால் முதலில் சுருக்கமாக:

1. எலெக்ட்ரானிக் சிட்டியில், பெண்கள் வாடகைக்குத் தங்கும் இரண்டு பி.ஜி. விடுதிகளில் என் இலங்கை பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் இடம் இல்லை என்றார்கள்.
2. மூன்றாவது இடத்தில் என் ஊர் திருச்சி என்று சொன்னேன். இடம் கிடைத்தது.
3. உண்மையைச் சொல்ல நிறைய நாட்கள் இருந்தன. சொல்லவில்லை.
4. அந்த பி.ஜி. இன்று இல்லை.

முதல் இரண்டு பேரைக் குறை சொல்ல மாட்டேன். வெளிநாட்டவரைத் தங்கவைப்பவர் அந்த விவரத்தை உடனே ஒரு படிவத்தில் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். தவறினால் வழக்கு வரும். அந்தத் தொல்லை வேண்டாம் என்று நினைத்திருப்பார்கள். அப்போது எனக்கு இதெல்லாம் தெரியாது. இரண்டு பெட்டிகளோடு தெருவில் நிற்கிறேன் என்பது மட்டும் தெரிந்தது.

மூன்றாவது பி.ஜி.யை நடத்தியவர் பெங்களூரிலேயே நீலசந்திராவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்மணி. மூன்று மாடிக் கட்டடத்தை வாடகைக்கு எடுத்து, ஒன்பது வருடமாகத் தனி ஆளாக நடத்தி வந்தார். பெண்கள் எல்லோரும் ஆன்ட்டி என்று கூப்பிடுவோம்.

"எந்த ஊரும்மா?" என்றார். திருச்சி என்றேன். நான் வந்த விமானம் இறங்கிய ஊர் அது. அங்கே விமான நிலையத்தையும் பஸ் நிலையத்தையும் தவிர எனக்கு எதுவும் தெரியாது. என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "சரி, மேல ரெண்டாவது ரூமு. பாத்ரூம் கதவு சாத்தாது, ஒரு ஒத ஒதச்சாதான் சாத்தும்" என்றார்.

ஆதார் நகல் கேட்டார். ஊரிலிருந்து வர வேண்டும் என்றேன். அடுத்த வாரம் கேட்டபோதும் அதையே சொன்னேன். அதன் பிறகு அவர் கேட்கவே இல்லை. தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன்.

பேச்சில் கவனமாக இருந்தேன். 'ஓம்' என்று வாய்வரை வருவதை 'ஆமா' என்று மாற்றிச் சொல்வேன். "நீ என்னடி, நியூஸ் வாசிக்கிற மாதிரியே பேசுற" என்பாள் என் அறைத்தோழி. அவள் வேலூர்க்காரி, எங்கள் தெருமுனையில் இருந்த ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆன்ட்டி சர்ச்சிலிருந்து வந்து எங்கள் ஊர்ப் பக்குவத்தில் புட்டும் தேங்காய்ச் சம்பலும் செய்வார். "மறுபடியும் புட்டா ஆன்ட்டி? பூரி போடக் கூடாதா?" என்று அவள் முனகினால், "உனக்கா செய்றேன்? சும்மா துன்னு" என்பார். நான் மட்டும் இரண்டாம் முறை தட்டை நீட்டுவேன்.

இரண்டாவது மாதக் கடைசியில், கல்லூரியில் வெளிநாட்டு மாணவர்களைக் கவனிக்கும் பிரிவிலிருந்து கூப்பிட்டார்கள். வீட்டுக்காரர் கொடுத்த படிவத்தின் நகல் எங்கே என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அலுவலர் என் முகவரியை எழுதிக்கொண்டு, விதிகள் அச்சிட்ட தாளைக் கையில் கொடுத்தார். வீட்டுக்காரரிடம் இன்றே சொல்லிவிடு, அவர்களாகவே பதிவு செய்தால் தாமதம் என்பதோடு போய்விடும், நாங்கள் அனுப்பும் பட்டியலைப் பார்த்து போலீஸ் வந்தால் விஷயம் வேறு என்றார்.

அன்று மாலை, சொல்ல வேண்டியதைப் புள்ளி புள்ளியாக எழுதிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். கேஸ் தீர்ந்துபோய், ஆன்ட்டி போனில் யாரையோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். திரும்பிவிட்டேன். மறுநாள் எனக்கு இன்டர்னல் பரீட்சை. அதற்கடுத்த நாள் அவர் தலைவலி என்று படுத்திருந்தார். நான்காம் நாள் சொல்லியே தீருவது என்று தாளைப் பையில் வைத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். பதினோரு மணிக்கு அறைத்தோழி போன் செய்தாள்.

"ஆன்ட்டிய ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போய்ட்டாங்க. உன் பேரச் சொல்லித்தான் கேட்டாங்க. என்னடி பண்ணி வெச்ச?"

ஸ்டேஷனுக்கு ஓடினேன். ஆன்ட்டி நைட்டியின் மேல் துப்பட்டாவைப் போட்டபடி, பி.ஜி. ரெஜிஸ்டரை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கையில் கோதுமை மாவு காய்ந்திருந்தது. நான் பாஸ்போர்ட்டை எடுத்து மேஜையில் வைத்தேன். அதன் அட்டையை அவர் வெகுநேரம் பார்த்தார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ ஆன்ட்டி" என்றேன். இரண்டு மாதத்தில் அவரிடம் என் சொந்தப் பேச்சில் பேசியது அதுதான் முதல் முறை.

"திருச்சின்னு நீ வாயத் தொறந்தப்பவே தெரியும்" என்றார். குரல் உயரவில்லை. "அங்க கேம்ப் இருக்குல்ல. எங்க சர்ச்சுக்கு வர்ற கேம்ப் பொண்ணுங்களும் இப்டித்தான் பேசுவாங்க. கேட்டா சங்கடப்படுவன்னு கேக்கல. ஆதார் கூட அதான் கேக்கல. பாஸ்போர்ட்டோட பிளேன்ல வந்தவள்னு எனக்கு எப்டிம்மா தெரியும்?"

திருச்சியில் இலங்கை அகதி முகாமில் வளர்ந்த பெண் என்று நினைத்து என்னை எதுவும் கேட்காமல் விட்டிருக்கிறார். அந்தப் புட்டும் எனக்காகத்தான் என்று அந்த பெஞ்சின் பக்கத்தில் நின்றபோதுதான் புரிந்தது.

அவர்மேல் வழக்குப் பதிவானது. போலீஸ் வந்து போன இடம் வேண்டாம் என்று, மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார் கட்டடத்தின் சொந்தக்காரர். பெண்கள் ஒவ்வொருவராகப் பெட்டி கட்டினார்கள். அறைத்தோழி போகும்போது, "எனக்கு இன்னொரு ரூம் கெடைக்கும். உனக்கும் கெடைக்கும். ஆன்ட்டிக்கு?" என்று கேட்டாள். நான் அவள் படுக்கையைச் சுருட்டிக் கொடுத்தேன்.

எனக்கு அவள் சொன்னபடியே நடந்தது. ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தேன், பதிவு முடிந்தது, கல்லூரி விடுதியிலேயே இடமும் கொடுத்தார்கள். அது முதலிலேயே கிடைத்திருந்தால் என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். ஆனால் அந்த நான்கு நாட்களும் என் கையில்தான் இருந்தன. அவற்றை வேறு யார் கணக்கிலும் எழுத முடியவில்லை.

இப்போது யார் ஊர் கேட்டாலும் முதல் வார்த்தையாக மட்டக்களப்பு என்கிறேன். இடம் இல்லை என்று சொல்வதா வேண்டாமா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். ஆன்ட்டிக்கு நான் அந்த வாய்ப்பைக் கொடுக்கவில்லை.

அவர் நீலசந்திராவில் தம்பி வீட்டில் இருக்கிறார். ஒரு கேன்டீனில் சமையல் வேலை செய்கிறார். வழக்கு இன்னும் முடியவில்லை. ஒவ்வொரு தேதிக்கும் நானும் கோர்ட்டுக்குப் போய், அவர் உட்காரும் பெஞ்சிலேயே ஓர் ஆள் இடம் விட்டு உட்காருகிறேன். அவர் என்னை எழுந்து போகச் சொன்னதில்லை. பேசியதும் இல்லை.