சுட்டுப் பார்க்காத ரெட் டாட்

இன்று அல் ஐனிலிருந்து ஓர் அரபி நான் வேலை பார்க்கும் துப்பாக்கி சுடும் கிளப்புக்கு வந்தார். நாளை அமெரிக்காவுக்கு வான்கோழி வேட்டைக்குப் போகிறவர்.

அவருடைய ஷாட்கன்னில் குறிபார்க்கச் சிவப்புப் புள்ளி காட்டும் ரெட் டாட் சைட்டைக் கழற்றித் துடைத்து மாட்டியது நான். கழற்றி மாட்டினால் குறி விலகலாம்; ஆனால் அதன்பின் சுட்டுப் பார்க்க மறந்துவிட்டேன்.

மேனேஜரிடம் சொன்னேன்.

“கலாஸ், விடு, அவருக்கு லேட் ஆகுது. கொடுத்து அனுப்பு” என்றார்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. அரபியிடம் போய், தெரிந்த இந்தியில் உண்மையைச் சொன்னேன்.

அவர் துப்பாக்கியை வாங்கி இலக்கு அட்டையைக் குறிவைத்துச் சுட்டார். சிவப்புப் புள்ளி அட்டையின் நடுவில் இருந்தது. ரவைகள் ஒரு சாண் இடப்பக்கம் விழுந்தன.

“பறவை சாகாது பாய், அடிபட்டு ஓடும்” என்றார்.

நான் சைட்டின் திருகைச் சரிசெய்ய, அவர் மூன்று முறை சுட்ட பிறகே ரவைகள் நடுவில் பட்டன. கிளம்பும்போது முதல்முறையாக என் பெயரைக் கேட்டார்.

மேனேஜர்தான் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்களா?